செம்மண் தறையும் சவாரி மாடும்: வலிகாமத்தில் ஐந்து நாட்கள்

முதலாம் நாள்

கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறிய யாழ்தேவி ஆனையிறவைத் தாண்டி, கொடிகாமம், சாவகச்சேரி என்று தென்மராட்சிக்குள் நுழைந்தபோது பிற்பகலாகிவிட்டது. போரினால் 1990 இல் நின்றுபோன இந்தப் பாதை 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னர் நான் பல தடவை வந்திருக்கிறேன் என்றாலும், வந்த தடவைகளில் எல்லாம் ஒரு கலியாணவீடோ செத்தவீடோ இருந்தது. இரண்டு நாளில் சடங்கை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இந்த முறை வேறு எந்தக் காரியமும் இல்லை. என் சின்னையாவுடன் ஐந்து நாள் இருந்து, அவர் செய்வதைப் பார்த்து எழுதவேண்டும் என்பதற்காகவே பொங்கலை ஒட்டி விடுமுறை எடுத்திருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதி இங்கே இடுவேன்.

சின்னையா என் தகப்பனாரின் தம்பி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியில், சுன்னாகத்துக்குக் கிழக்கே, ஏழாலைக்கும் புன்னாலைக்கட்டுவனுக்கும் இடைப்பட்ட செம்மண் நிலத்தில் அவருக்கு 12 பரப்புத் தோட்டம் உண்டு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது எங்கள் கணக்கு. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றின் பள்ளத்தில், கந்தரோடைப் பக்கமாக, சின்னம்மாவின் சீதனமாக வந்த வயல் துண்டு ஒன்றும் இருக்கிறது. வயது 67. இளமையில் ஊர்க் கழகத்தின் கரப்பந்தாட்ட அணியில் முன்வரிசையில் நின்று அடித்தவர்; கடல்நீரேரியில் வலை வீசத் தெரிந்தவர்; எல்லாவற்றுக்கும் மேலாகச் சவாரிக்காரர். இரண்டு மாடு பூட்டிய பாரமற்ற வண்டில்களை நீண்ட திடலில் ஒன்றோடொன்று போட்டியாக ஓடவிடும் மாட்டுவண்டிச் சவாரி, யாழ்ப்பாணத்துக் கமக்காரரின் சொந்த விளையாட்டு. ஏரில் நடந்த மாட்டையே ஓய்ந்த நாளில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதை ஒரு கலையாக வளர்த்தார்கள்.

படலையைத் திறந்து உள்ளே போனபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. மாட்டுக் கொட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஆர், தம்பியே? வா. கையைக் கழுவிப்போட்டு இந்த ரோச்சைப் பிடி." மயிலை நிற மாட்டின் வலது முன்னங்காலை மடித்துத் தன் தொடைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பலகைத் துண்டொன்றில் அவர் குந்தியிருந்தார். மூன்று நாளுக்கு முன் ஒழுங்கையில் நடைபழக்கும்போது குளம்பின் பிளவுக்குள் சுண்ணக்கல் சிம்பு ஒன்று ஏறிவிட்டதாம். கல்லை அன்றே எடுத்துவிட்டார்கள். புண் மட்டும் ஆறவில்லை. மஞ்சளும் உப்பும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றிப் பிளவுக்குள் விட்டு, உள்ளே இருந்த மண்ணை ஒரு மணி கூட மிச்சமின்றி எடுத்தார். மாடு காலை இழுக்கப் பார்த்தபோதெல்லாம் அவர் கையை நிறுத்தி, அது தானாக அடங்கும் வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தார். கடைசியில் ஈ மொய்க்காமல் இருக்க வேப்பெண்ணெய் பூசிவிட்டார். இந்த ஒரு குளம்புக்கு முக்கால் மணித்தியாலம் சென்றது. என் கை விளக்கைப் பிடித்தே ஓய்ந்துவிட்டது. அவருக்கு முகத்தில் சலிப்பே இல்லை.

நாளை மறுநாள், மாட்டுப்பொங்கல் அன்று, சவாரி. இந்தக் கால் அதற்குள் ஆறுமா என்று கேட்டேன். "நாளைக்குப் பின்னேரம் நடத்திப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

இரவு உணவுக்கு முன்னர் மாடுகளுக்கு உணவு. ஊறவைத்த எள்ளுப் புண்ணாக்கு, தவிடு, அதற்குமேல் உளுத்தங்கஞ்சி. சின்னம்மா கஞ்சியை ஒரு விரலால் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் தொட்டியில் ஊற்றினார். என் சிறுவயதில் இந்த ஒழுங்கையில் மாடு இல்லாத வீடு இல்லை. இன்று இரண்டு வீட்டில் மட்டுமே நாம்பன்கள் நிற்கின்றன. லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் வந்து உழவையும் சூடு மிதிப்பையும் எடுத்துக்கொண்ட பின்னர், ஏர்மாடு என்ற ஒன்றை வைத்திருக்க ஒருவருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது. இன்று இந்த இரு கொட்டில்களிலும் மாடு நிற்பது சவாரியால்தான். கமம் முன்னர் சவாரிக்கு மாட்டைக் கொடுத்தது. இப்போது சவாரி, கமத்திடமிருந்து மாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இரண்டாம் நாள்

விடியற்காலையில் முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, அரிசிமாவால் கோலமிட்டு, மூன்று கல் வைத்துச் சின்னம்மா பொங்கினார். கிழக்குப் பக்கமாகப் பால் பொங்கி வழிந்தபோது அயல் வளவுப் பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள். சூரியனுக்குப் படைத்து, வாழையிலையில் பொங்கலும் கதலிப்பழமும் உண்டு முடிய எட்டு மணி. உடனே சின்னையா சாரத்தை மடித்துக் கட்டி மண்வெட்டியைத் தோளில் வைத்தார். பொங்கலன்றுமா என்று நான் கேட்டதற்குச் சின்னம்மாதான் பதில் சொன்னார்: "இண்டைக்கு எங்கட முறை."

இந்த முறை என்ற சொல்லைச் சற்று விளக்கவேண்டும். தோட்டத்துக் கிணறு பங்குக்கிணறு. நான்கு பங்காளர், ஒவ்வொருவருக்கும் இறைப்பு நாள் குறித்திருக்கிறது. காணி உறுதியிலேயே கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று எழுதப்பட்டிருக்கும். ஆறில்லாத நாட்டில் நீரைப் பங்கிடுவதற்கு முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. தன் முறையைத் தவறவிட்டவர் அடுத்த முறை வரும் வரை வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பண்டிகை என்று வெங்காயம் பொறுத்திருக்காது.

நீரிறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சீமெந்து வாய்க்காலில் நீர் தலைவாய்க்கு வந்தது. சின்னையா வெறுங்காலுடன் தறைக்குள், அதாவது பயிர் நின்ற தோட்டத் துண்டுக்குள், இறங்கினார். சின்ன வெங்காயம் நட்டு ஒரு மாதம் இருக்கும். தாள் ஒரு சாண் உயரம். பாத்தியின் வாயை மண்வெட்டியால் வெட்டித் திறந்தார். நீர் உள்ளே போய்க் கடைசி மூலையைத் தொட்டதும், அதே மண்ணை ஒரே இழுப்பில் கொண்டுவந்து வாயை அடைத்து, குதிக்காலால் ஒரு மிதி மிதித்தார். அதே அசைவின் தொடர்ச்சியாக அடுத்த பாத்தியின் வாய் திறந்தது. நான் முயன்றபோது மூன்று பாத்திகளில் இரண்டில் நீர் கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. கரை உடைந்தால் வேர் அறுந்து வெங்காயம் சரிந்துவிடும். சரிந்தவற்றை அவர் ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண்ணணைத்தார். என்னை ஏசவில்லை, மண்வெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். நீர் தறையின் கடைசி வரிசைக்குப் போய்விட்டதா என்பதை அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. வறண்ட மண் நீரை உறிஞ்சும்போது ஒரு சத்தம் எழுகிறது. நிறைந்த பின் அது நின்றுபோகிறது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எனக்கும் அந்தச் சத்தம் பிடிபட்டது.

அவருடைய இளமையில் இந்தக் கிணற்றில் துலா, அதாவது நீரிறைக்கும் ஏற்றம், நின்றது. பூவரசில் துலாவைத் தாங்கும் ஆடுகால், அதன்மேல் பனையில் வெட்டிய துலா, அதிலிருந்து தொங்கும் துலாக்கொடி, கொடியின் முனையில் நீர் அள்ளும் பட்டை. ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். கைபிடிக்க ஒன்றும் இல்லாத அந்த மரத்தின் மேல் சின்னையா 12 வயதிலிருந்தே நடந்திருக்கிறார். ஓடும் வண்டிலின் தட்டில் நின்று கால் தளராமல் இருப்பதற்கு ஆர் பழக்கியது என்று நான் கேட்டபோது, பழைய ஆடுகாலின் அடிக்கட்டையைக் காட்டினார்.

வலிகாமத்தின் கீழே கிடப்பது சுண்ணக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மழை அந்தக் கல்லின் துளைகளிலும் பிளவுகளிலும் இறங்கி, அடியில் நிற்கும் கடல்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரைக் கேணியில் மேலே குடிக்கக்கூடிய நீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழி மற்ற ஊர்களுக்குப் பொருந்தலாம். இங்கே அளவுக்கு மீறி இறைத்தால் ஊறி வருவது உவர். அதனால் சின்னையா இயந்திரத்தை ஒரே மூச்சில் ஓடவிடுவதில்லை. இரண்டு மணித்தியாலம் இறைத்து நிறுத்தி, கிணறு ஊறியதும் மீண்டும் தொடங்குகிறார். பங்காளர் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை என்பது அவருடைய நெடுநாள் மனத்தாங்கல். உரத்தைக் கூட்டிப் போட்டால் அதன் நைத்திரேற்றும் இதே கல்லின் வழியாக இதே கிணற்றுக்கு இறங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மாரி தொடங்குமுன் பூவரசங்குழையும் பனையோலையும் தறையில் தாழ்த்துவதை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது அவருடைய விளைச்சலும் குறைந்ததுதான். ஆனால் தறை முழுவதையும் தரிசாக விட்ட அயலவர்களின் நிலைக்கு அவர் போகவில்லை. கொட்டிலில் மாடு நின்றதால் எரு இருந்தது.

பின்னேரம் வாசிகசாலைக்குப் பக்கத்துத் திடலில் கரப்பந்தாட்டம். 1991 இல் கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்னரே வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு அது மாலைநேரக் கடமையாக இருந்தது. இரண்டு கம்பமும் ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். இறைப்பு முடிந்து குளிக்குமுன் ஒரு மணித்தியாலம் ஆடலாம். சின்னையா இப்போது முழங்கால் நோவினால் ஆடுவதில்லை. கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து புள்ளி சொல்கிறார். இன்று ஒரு பையன் எழும்பி அடித்த பந்து வலையில் பட்டுத் திரும்பியபோது, எழுந்து போய் அவனுடைய தோளைப் பிடித்து அரைச்சாண் பின்னுக்கு நிறுத்திவிட்டு வந்தார். அடுத்த பந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்குள் விழுந்தது.

இருட்டுமுன் மயிலையை ஒழுங்கையில் நடத்திப் பார்த்தோம். நொண்டவில்லை. சின்னையா இரண்டு தரம் குனிந்து குளம்பைப் பார்த்தார். நாளை போவதென்று முடிவாயிற்று. எனக்கு மகிழ்ச்சி, அவர் முகத்தில் அது முழுமையாக இல்லை.

மூன்றாம் நாள்

காலையில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கொட்டில் வாசலில் பொங்கிப் படைத்தோம். மயிலைக்கும் செவலைக்கும் சின்னம்மா தன் கையாலேயே பொங்கல் ஊட்டினார். ஊட்டும்போது அவற்றின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மதியத்துக்கு முன்னர் பட்டா எனப்படும் சிறிய லொறி ஒன்றில் வைக்கோல் பரப்பி மாடுகளை ஏற்றினோம். வண்டிலை இன்னொரு வாகனம் கொண்டுபோனது. வலிகாமம் மேற்கில், வயல்வெளியை அடுத்த திடல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே சனம் நிறைந்திருந்தது. மதகுகளிலும் வரம்புகளிலும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் ஏறி நின்றார்கள். ஐஸ்கிறீம் வான் ஒன்று, கச்சான் விற்கும் ஆச்சிமார் இருவர், இடைவிடாமல் பேசும் ஒலிபெருக்கி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். மாடுகளைத் தரம் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிரித்திருந்தார்கள். எங்கள் சோடி சி பிரிவு.

சவாரி வண்டில் சுமை வண்டிலைப் போன்றதன்று. தட்டு சிறியது, மரம் மெலிந்தது, ஆனால் நுகமும் அச்சும் மட்டும் நன்றாக முற்றிய மரத்தில் செய்யப்பட்டிருக்கும். சின்னையா கடையாணியைத் தட்டிப் பார்த்தார், மாட்டை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தார், மாட்டைத் திருப்பப் பிடிக்கும் நாணயக் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி நீளம் பார்த்தார். தட்டில் அவருடன் ஏறப்போவது பக்கத்து வளவுப் பையன்; வயது 19; மோட்டார் திருத்தும் கடையொன்றில் வேலை. மூன்று வருடமாக விடியற்காலையில் வந்து மாடுகளை நடத்துகிறவன் அவன்தான். கயிறு இன்னும் அவன் கைக்கு வரவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். திடலில் சிலருடைய தடியின் நுனியில் ஆணி இருப்பதை என் கண்ணால் கண்டேன். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வாலின் அடியில் குத்துகிறார்கள். இறக்கிவிட்ட பிறகு இரத்தம் தெரிகிறது. இந்நாட்டில் மிருகவதையைத் தடுக்கும் சட்டம் 1907 முதல் இருக்கிறது. ஏற்பாட்டாளரும் ஒலிபெருக்கியில் ஆணி கூடாது என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். ஆயினும் நடக்கிறது. சவாரியை நேசிக்கிறவர்களே இதை முதலில் எதிர்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சின்னையாவின் கையில் இருந்தது துவரந்தடி. அதை அவர் மாட்டின் முதுகில் ஓங்கியதை விட நுகத்தில் தட்டியதுதான் அதிகம். அந்தத் தட்டல் மாடுகளுக்குத் தெரியும்.

முதல் ஓட்டம் மூன்றரை மணிக்கு. கொடி விழுந்ததும் மயிலையும் செவலையும் ஒரே கணத்தில் கழுத்தைத் தாழ்த்தின. அடுத்த நொடியில் செம்புழுதி எழுந்து எதிர்வண்டிலை மூடிவிட்டது. நான் கண்டது சின்னையாவின் முழங்கால்களை மட்டும்தான். வண்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் எழும்பி விழ, முழங்காலுக்கு மேலே உடம்பு அசையவில்லை. முழங்கால் எல்லா அதிர்ச்சியையும் வாங்கிக்கொண்டது. முக்கால் தூரத்தில் எதிர்ச்சோடி விலத்தி எங்கள் பக்கம் சாய்ந்தது. அவர் இடக்கயிற்றை ஒரு விரற்கடை விட்டுக்கொடுத்தார். செவலை அரை அடி ஒதுங்கியது. இரண்டு சில்லுகளுக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடம் இருந்திருக்குமோ என்னவோ. இரண்டு மாட்டு நீளம் முந்தி எங்கள் வண்டில் எல்லையைக் கடந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வண்டில் திரும்பி நடையில் வரும்போது பார்த்தேன். மயிலையின் வலது முன்னங்கால் மண்ணில் பதிவதற்கு முன் சிறிது தயங்கியது. ஒரு தயக்கம்தான்; நான் அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் தட்டிலிருந்து குதித்து இறங்கிவிட்டார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிளவு ஈரமாக இருந்தது. அடுத்த ஓட்டத்துக்கு எங்கள் இலக்கத்தை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பையன் அவர் முகத்தைப் பார்த்தான். சின்னையா பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார்.

"இன்னும் ஒண்டுதானே ஐயா, ஓடும்" என்று பையன் சொன்னான். அவன் குரல் உடைந்திருந்தது.

"ஓடும். அது ஓடமாட்டன் எண்டு சொல்லாது" என்றார் சின்னையா. வேறொன்றும் சொல்லவில்லை. மேசைக்குப் போய் விலகுவதாக அறிவித்துவிட்டு வந்து, வாளியில் நீர் எடுத்துக் குளம்பைக் கழுவத் தொடங்கினார்.

வீடு திரும்பிய பிறகு, முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டிலை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டும் சில்லும் பல தரம் மாற்றியவை. அச்சு மட்டும் பழையது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பிக் கொட்டும் மழையில் ஒன்றாக எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, ஒன்பது வயதுப் பிள்ளையான நானும் நடக்கமுடியாத அப்பம்மாவும் இருந்தது இந்த வண்டிலில்தான். சவாரிக்கென்று செய்த வண்டில். பாரம் ஏற்றினால் அச்சு முறியும் என்று சின்னையா உடுப்பு மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மாட்டின் முன்னால் நடந்தார். ஒரு முழம் நகர்ந்தால் ஒரு நாழிகை நிற்கவேண்டியிருந்தது. காற்றாய் ஓடப் பழகிய அந்த மாடுகள், முன்னும் பின்னும் சனம் நெருக்க, ஒருவரையும் முட்டாமல் இரவு முழுவதும் நின்று நின்று நடந்தன. அடுத்த ஆண்டு சித்திரையில் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மாடுகளும் வண்டிலும் திரும்பின. முதல் வெங்காயத் தறையை உழுதவை அந்த மாடுகளே.

நான்காம் நாள்

காலையில் மயிலையின் காலுக்கு மருந்து. கால்நடை வைத்தியர் வந்து ஊசி போட்டு, ஒரு மாதம் நடையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னையா அதிகம் பேசாமல் இருந்தார். மத்தியானம் கழிந்ததும் வலையை எடுத்துக்கொண்டு, "வல்லைக்குப் போவம், வா" என்றார்.

வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கும் நீரேரியின் மேல் வல்லைப் பாலம் கிடக்கிறது. அங்கே ஒரு மரமும் இல்லாத வெளியில் காற்று மோட்டார் சைக்கிளைத் தள்ளியது. தூரத்தில் நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. சின்னையா முழங்காலளவு நீரில் இறங்கி, வீச்சு வலையின் ஒரு பகுதியை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்து ஈயக்குண்டுகளில் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி விட்டார். வலை முழுவட்டமாக விரிந்து நீரில் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் தொட்டது. ஏழெட்டு வீச்சில் ஒரு கறிக்குப் போதுமான இறாலும் நான்கு திரளியும் கிடைத்தன. அதற்குமேல் அவர் வீசவில்லை.

கரையில் இருந்து வலையைப் பிழியும்போது நீந்தப் பழகிய கதையைச் சொன்னார். முற்றிய தேங்காய் இரண்டைக் கட்டிக்கொண்டு தோட்டக் கிணற்றில் குதித்துப் பழகினாராம். 1971 இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்குநீரிணையை 51 மணித்தியாலத்தில் போய்வர நீந்தியபோது இவருக்கு 13 வயது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஊர்க் கிணறுகளில் ஒன்றிலும் நீர் தெளிந்து நிற்கவில்லை, அவ்வளவு பிள்ளைகள் குதித்தார்கள் என்றார். அதற்கு முன்னரே, 1954 இல், தொண்டைமானாற்று நவரத்தினசாமி அதே நீரிணையைக் கடந்திருந்தார். இந்த நீரேரி கடலோடு சேரும் வாயில்தான் அவருடைய ஊர் என்று வடக்கே கை காட்டினார்.

இரவு கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மா, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி, எங்கள் இறாலும் மீனும். பையனையும் கூப்பிட்டிருந்தார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். அவன் முதலில் முகம் கொடுக்காமல் இருந்தான். இரண்டாவது பிளா முடிவதற்குள் செவலையோடு வேறொரு மாட்டைச் சோடி சேர்ப்பது பற்றி இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள்

விடியற்காலையில் சின்னையாவுடன் சந்தைக்குப் போனேன். எந்தச் சந்தை என்பது வேண்டாம். முன்னைய போகத்து வெங்காயத்தில் விதைக்குப் போக மிஞ்சியதை, பிடி பிடியாகக் கட்டிப் புகைபடும்படி மால் என்ற கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார். அதில் 50 கிலோ கொண்டுபோனோம். நிறுத்து முடிந்ததும் 45 கிலோவுக்குக் காசு கொடுத்தார்கள். பத்துக்கு ஒன்று கழிவு என்பது அங்கே வழக்கமாம். அழுகலோ மண்ணோ இல்லாமல் ஒவ்வொன்றாகத் தெரிந்து கட்டிய வெங்காயத்தில் எதைக் கழிக்கிறார்கள் என்று நான் கேட்டேன். தராசுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அந்த ஐந்து கிலோ, இரண்டரை மாத இறைப்பில் பத்தில் ஒரு பங்கு. வெறுங்காலுடன் தறையில் நின்ற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. சின்னையா காசை எண்ணி மடியில் முடிந்துகொண்டு, நேரே மாட்டுத் தீவனக் கடைக்குப் போய் எள்ளுப் புண்ணாக்கு வாங்கினார். காசில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது.

வந்ததும் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டினோம். ஆவணியில் அடுக்கிய விதைகள். மண்ணை விலக்க விலக்கக் கிழங்குகள் நிரையாக நின்றன. இருபத்தைந்து கிழங்கை ஒரு கட்டாகக் கட்டி என் பையில் வைத்தார் சின்னம்மா. அதற்குமேல், கிழங்கை அவித்து உலர்த்திய புழுக்கொடியல், ஒரு போத்தல் நல்லெண்ணெய், இரண்டு பிடி வெங்காயம்.

புறப்படுமுன் கொட்டிலுக்குள் போனேன். மயிலை படுத்திருந்தது. வலது முன்னங்காலை நீட்டி வைத்திருந்தது, கட்டு உலர்ந்திருந்தது. எழும்பவில்லை, ஆனால் காலைக் கஞ்சித் தொட்டி வெறுமையாக இருந்தது. சின்னையா என்னைச் சுன்னாகம் வரை கொண்டுவந்து விடுவதாக இருந்தார். அதற்குள் பங்காளர் ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்: தனக்கு வெளியூரில் அலுவல் ஒன்று வந்துவிட்டது, இன்றைய முறையைச் சின்னையா எடுத்துக்கொள்ளலாம். வாடும் பயிரை வைத்துக்கொண்டு கிடைத்த முறையை எந்தக் கமக்காரரும் விடமாட்டார். பையன்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோனான். ஒழுங்கை திரும்பும் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.